மேல் பெட்டி, கீழ் பெட்டி

வெள்ளிக்கிழமை ராத்திரி பிடித்த மழை சனிக்கிழமை காலையிலும் விடவில்லை. ஃப்ரீமான்ட்டில் ஏப்ரலுக்குப் பிறகு இதுதான் முதல் மழை.

மாளவிகா பாலை அடுப்பில் வைத்தாள். இன்று சனி. செவ்வாய்க்கிழமை மாமியாருக்கு ஃப்ளைட். நடுவில் இரண்டே நாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட வேண்டும்.

ஓட்ட வேண்டியிருந்தது ஒரு பொய்யை. கௌசிக் ஜூன் மாதமே வீட்டைவிட்டுப் போயிருந்தான். அரைமணி தூரத்தில் இருக்கிற டப்ளினில் ஒரு அபார்ட்மென்ட் என்று சொன்னான். அவள் போய்ப் பார்க்கவில்லை. அவன் கூப்பிடவுமில்லை. நவராத்திரிக்கு அவன் அம்மா வருகிறாள் என்று தெரிந்ததும் இருவரும் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து பேசினார்கள். அம்மா இருக்கும்வரை அவன் இங்கே வந்து இருப்பது. அம்மா சென்னை திரும்பியபின் நிதானமாக ஃபோனில் சொல்வது. காபி ஆறுவதற்குள் பேசி முடித்துவிட்டார்கள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவர்கள் அவ்வளவு சுலபமாக ஒத்துப்போனது வேறு எதிலும் இல்லை.

அவன் ஆஃபீஸ் ரூமில் படுத்துக்கொண்டான். ராத்திரி இந்தியா டீமோடு கால் இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லியாயிற்று. அம்மாவும் நம்பிவிட்டாள்.

ராஜலக்ஷ்மி எதையும் சுலபமாக நம்புகிறவள் இல்லை. முப்பது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் பார்த்தவள். மகனையும் மருமகளையும் மட்டும் நம்பினாள். அதுதான் மாளவிகாவை அறுத்தது. பெற்ற அம்மாவிடம் சொல்லாததைக்கூட இவளிடம் சொல்லிப் பழகியிருந்தாள். கௌசிக்கை விட்டுவிட முடிந்தது. இவளை எப்படி விடுவது என்றுதான் தெரியவில்லை.

ராஜலக்ஷ்மி டிரையரிலிருந்து எடுத்த துணிகளைச் சோபாவில் குவித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி மாளு, இவனுக்கு மூணே சட்டைதானா? வந்ததுலேர்ந்து அதையேதான் மாத்தி மாத்திப் போட்டுக்கறான்."

"பிடிச்சதையே போடுவான்மா."

"சின்ன வயசுல அப்படி இல்லையே. தீபாவளிக்கு ரெண்டு சட்டை வேணும்னு தெருவே கேக்கற மாதிரி அழுவான்."

கௌசிக் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான். காபியை நின்றபடியே குடித்தான்.

"எங்கடா கிளம்பிட்டே, மழையில?"

"டயருக்குக் காத்து அடிக்கணும்."

"நானும் வரேன். ஒரு ரவுண்டு அழைச்சுண்டு போ. வந்து ஒரு மாசமாப் போறது, உன் கார்ல என்னை ஒரு தடவை ஏத்தினியா? எதுக்கெடுத்தாலும் மாளு கார்தான்."

"ஹீட்டர் வேலை செய்யலம்மா. குளிரும்."

"மைலாப்பூர்ல வெந்து போய் வந்திருக்கேன். கொஞ்சம் குளிரட்டுமே."

அவன் சிரித்தான். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டான். காரை அவன் வீட்டு வாசலில் நிறுத்துவதே இல்லை. இரண்டு வீடு தள்ளி, முகத்தை வீட்டுப் பக்கம் திருப்பி நிறுத்துவான். அவனுடைய துணிகள் காரில் இருப்பது மாளவிகாவுக்குத் தெரியும். அம்மா கண்ணில் பட்டுவிடக் கூடாதென்றுதான் அப்படி நிறுத்துகிறான் என்று நினைத்திருந்தாள்.

பத்து மணிக்கு ராஜலக்ஷ்மி மாளவிகாவின் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் வெள்ளை மல் துணியில் சுற்றிய ஒரு மூட்டை.

"உள்ள வரலாமா?"

எப்போதும் கேட்டுவிட்டுத்தான் வருவாள். இந்த அறையில் ஒரு கதவைக்கூட அவளாகத் திறந்ததில்லை.

மூட்டையைக் கட்டிலில் வைத்துப் பிரித்தாள். அரக்கில் மஞ்சள் கட்டம் போட்ட ஒன்பது கஜம். அவளுடைய கூறைப்புடவை.

"இது இனிமே உன்கிட்ட இருக்கட்டும்."

மாளவிகாவுக்குக் கை நீளவில்லை.

"எதுக்கும்மா இப்போ? உங்ககிட்டயே இருக்கட்டுமே."

"அங்க பீரோல கிடந்து ஜரிகை கறுத்துண்டு வரது. உன் ஜப்பான் பீரோல பூச்சி வராது, கறுக்காதுன்னு நீதானே பெருமை அடிச்சுண்டே."

"விஷாகா இருக்காளே. பொண்ணுக்குத்தானே குடுக்கணும்."

"நியூ ஜெர்ஸில அவ ஜீன்ஸைத் தவிர என்னத்தக் கட்டறா? அவகிட்டக் குடுத்தா குஷன் கவர் தெச்சுடுவா." ராஜலக்ஷ்மி சிரித்தாள். "அவகிட்டக் கேட்டுட்டேன். மன்னிக்கே குடுத்துடுன்னா."

ஜப்பான் பீரோ கட்டிலுக்கு எதிரே இருந்தது. தான்சு என்று அதற்குப் பெயர். கிமோனோ மடித்து வைக்கிற பெட்டி. கிரீன் கார்டு வந்த வாரம் சான் ஹோசேயில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கினார்கள். கிரி என்கிற மரம். பார்த்தால் கனமாக இருக்கும். தூக்கினால் தக்கை. மேலே ஒரு பெட்டி, கீழே ஒரு பெட்டி. ஒன்றின்மேல் ஒன்று சும்மா உட்கார்ந்திருக்கும். பெட்டிக்கு இரண்டு இழுப்பறை. பக்கவாட்டில் இரும்புக் கைப்பிடி. தீப்பிடித்தால் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடலாம், அதற்காகத்தான் இரண்டாகச் செய்வது என்று கடைக்காரர் சொன்னார்.

மேல் பெட்டியின் முகப்பில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு சிவப்புக் கறை இருந்தது. அது ராஜலக்ஷ்மி வைத்தது. போன தடவை வந்திருந்தபோது சரஸ்வதி பூஜை. கார், லேப்டாப், மிக்ஸி என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவள், இதற்கும் ஒரு பொட்டு வைத்தாள். மெருகு பூசாத மரம். குடித்துவிட்டது. மாளவிகா பதறிப்போய் ஈரத் துணியால் துடைத்தாள். பொட்டு பரவிற்று. அன்று அவள் பாத்ரூமில் போய் அழுதாள். கொண்டுவாருங்கள், மேலாக இழைத்துக் கொடுக்கிறேன், கறை போய்விடும் என்று கடைக்காரர் சொன்னார். மாளவிகா கொண்டுபோகவேயில்லை. முதலில் நேரமில்லை. பிறகு மனசில்லை.

"திற," என்றாள் ராஜலக்ஷ்மி.

மாளவிகா மேல் இழுப்பறையை இழுத்தாள். அவளுடைய பட்டுப் புடவைகள். ராஜலக்ஷ்மி கூறையை அவற்றின்மேல் வைத்தாள். உள்ளங்கையால் ஒருமுறை தடவினாள். பிறகு இரண்டு கையாலும் இழுப்பறையை உள்ளே தள்ளினாள்.

அது மூட மூட, அதே பெட்டியில் கீழே இருந்த இழுப்பறை தானாக வெளியே வந்தது.

மழை பெய்தால் இந்த மரம் ஊறும். இழுப்பறையைச் சுற்றி ஊசி நுழைய இடம் இருக்காது. ஒன்றை மூடினால் உள்ளே இருக்கிற காற்றுக்குப் போக வழியில்லாமல் மற்றதை வெளியே தள்ளும். வாங்கிய வருஷம் மழைக்காலம் முழுக்க அவளும் கௌசிக்கும் அதை வைத்து விளையாடினார்கள். அவள் தன்னுடையதை மூடுவாள், அவனுடையது திறக்கும். அவன் மூடுவான், அவளுடையது திறக்கும். வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். கோடையில் மரம் காய்ந்து தளர்ந்துவிடும். ஆறு மாதமாக எதைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றும் நடக்கவில்லை. மாளவிகா இதை மறந்தே போயிருந்தாள்.

கௌசிக்கின் இழுப்பறை பாதிக்குமேல் வெளியே வந்து நின்றது. அடியில் விரித்த வெள்ளைத் தாள். ஓரத்தில் ஒற்றை சாக்ஸ். வேறு எதுவும் இல்லை.

ராஜலக்ஷ்மி அதை உள்ளே தள்ளினாள். மேலே கூறைப்புடவையோடு மற்றது வெளியே வந்தது. அதைத் தள்ளினாள். காலி இழுப்பறை மறுபடியும் வந்தது.

"இது அவனோடதா?"

"ஆமாம்மா."

"துணியெல்லாம் எங்க?"

வாஷிங்கில் இருக்கிறது என்று சொல்லலாம். டிரை க்ளீனிங் கொடுத்திருக்கிறது என்று சொல்லலாம். ஒரு மாதமாக அப்படி எத்தனையோ சொன்னவள்தான். ஆனால் கூறை உள்ளே இருந்தது. அதை வைத்துக்கொண்டு வாய் வரவில்லை.

"அவன் இங்க இல்லம்மா. ஜூன்லேர்ந்து."

ராஜலக்ஷ்மி கட்டிலில் உட்கார்ந்தாள்.

"வேற பொண்ணா?"

"இல்லம்மா."

"குடிக்கறானா?"

"இல்ல."

"கை நீட்டினானா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லம்மா."

"பின்ன என்னதான்டி?"

"பேச்சு நின்னு போச்சு. ஏப்ரல் கடைசிலேர்ந்து. என்னன்னு கேட்டா ஒண்ணும் இல்லம்பான். காலைல போவான், ராத்திரி வருவான், சுவரைப் பாத்துண்டு படுத்துப்பான். நானும் எவ்வளவு நாள் கேக்கறது? இப்படி இருக்கறதுக்குத் தனித்தனியா இருக்கலாமேன்னு ஒருநாள் நான்தான் சொன்னேன். சரின்னுட்டான். ஒரு வார்த்தை சண்டை போடல. சரின்னான், போயிட்டான்."

ஜன்னலில் மழை வழிந்தது. ராஜலக்ஷ்மி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு மாசமா ரெண்டு பேரும் எனக்கு நாடகம் போட்டிருக்கேள்."

மாளவிகா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவன் மறைச்சான்னா எனக்கு ஒண்ணும் தோணல. அவன் அப்படித்தான். பரீட்சையில ஃபெயில் ஆனாக்கூட பக்கத்தாத்து மாமி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீயுமா?"

"சொல்லிட்டா நீங்க..." மாளவிகா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னும் ஏதாவது இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடு. ஒண்ணொண்ணா என்னால தாங்க முடியாது."

"இல்லம்மா. அவ்வளவுதான்."

"இனிமே என்கிட்டப் பொய் சொல்லாதே. எதுவானாலும் சரி."

"சொல்லமாட்டேன்."

மாளவிகா எழுந்துபோய்க் கூறைப்புடவையை எடுத்தாள். மல் துணியில் சுற்றி மாமியாரின் மடியில் வைத்தாள். வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்று சொல்வாள் என எதிர்பார்த்தாளா? எதிர்பார்த்தாள்தான். ராஜலக்ஷ்மி மூட்டையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கௌசிக் மத்தியானம் வந்தான். சமையலறையில் எதுவும் அடுப்பில் இல்லை. மாளவிகா அவனிடம் இரண்டு வார்த்தையில் விஷயத்தைச் சொன்னாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டு அப்படியே சுவரில் சாய்ந்து நின்றான்.

அம்மாவின் அறைக் கதவு திறந்தது. முகம் கழுவி, தலை வாரி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு ராஜலக்ஷ்மி வந்தாள். க்ளெய்ம் பார்க்க உட்காருகிறவளைப்போல டைனிங் டேபிளில் உட்கார்ந்தாள்.

"சேந்து இருக்கறதா உத்தேசம் உண்டா?"

இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

"சரி. நான் கேட்டதுக்கு ரெண்டு பேர்ல ஒருத்தராவது உண்டுன்னு சொல்லியிருந்தா மேல பேசியிருப்பேன். அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன். பிரியறதை ஒழுங்காப் பிரியுங்கோ. திருடன் மாதிரி ஒளிஞ்சுண்டு வேண்டாம். அந்த பீரோ யாருக்கு?"

"அவளே வெச்சுக்கட்டும்மா," என்றான் கௌசிக்.

"ரெண்டு பேரும் சேந்துதானே வாங்கினேள்? ரெண்டாத்தானே இருக்கு? ஆளுக்கு ஒண்ணு. நான் இருக்கும்போதே எடுங்கோ."

"கறை இருக்கறத நான் எடுத்துக்கறேன்," என்றான் கௌசிக். "மாளவிகாவுக்கு அது பிடிக்காது."

"இல்ல," என்றாள் மாளவிகா. சொன்ன வேகம் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "அது எனக்கு வேணும்."

ராஜலக்ஷ்மி அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

இருவரும் ஆளுக்கு ஒரு கைப்பிடியைப் பிடித்தார்கள். மேல் பெட்டி சுலபமாக எழுந்தது. எங்கே கால் வைப்பது, எங்கே திரும்புவது என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஜன்னலோரம் இறக்கினார்கள். இத்தனை வருஷம் மூடியிருந்த கீழ்ப் பெட்டியின் மேற்பலகை அன்று வாங்கியது போல வெளுப்பாக இருந்தது. அதன் இழுப்பறைகளில் இருந்த தன் துணிகளை மாளவிகா எடுத்துக் கட்டிலில் போட்டாள்.

ராஜலக்ஷ்மி வெளியே போனாள். மூட்டையோடு திரும்பினாள். மேல் பெட்டியின் முன்னால் மெதுவாக மண்டிபோட்டு உட்கார்ந்து, இழுப்பறையைத் திறந்து, கூறைப்புடவையை உள்ளே வைத்தாள்.

"அம்மா..."

"கொண்டுவரும்போது உன் பேரைச் சொல்லித்தான் பெட்டில வெச்சேன். இவன் பொண்டாட்டின்னு சொல்லி வெக்கல. உள்ள போய் உக்காந்து அதைத்தான் யோசிச்சுப் பாத்தேன்."

இழுப்பறையைத் தள்ளினாள். கீழே காலி இழுப்பறை வெளியே வந்தது.

"இதுலயும் உன் துணி எதையாவது வை. காலியா வெக்காதே."

மாளவிகா கட்டிலில் கிடந்த சால்வைகளை எடுத்து அதில் அடுக்கினாள். கௌசிக் அந்த ஒற்றை சாக்ஸை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். யாரும் அழவில்லை. ராஜலக்ஷ்மி அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எழுந்தபிறகும் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

அத்தோடு அந்த நாள் முடிந்திருக்கலாம்.

"கீழ் பெட்டிய எப்போ எடுத்துண்டு போறே?" என்று மகனைக் கேட்டாள்.

"அடுத்த வாரம் எடுத்துக்கறேன்மா."

"எதுக்கு அடுத்த வாரம்? இன்னிக்கே கொண்டுபோய் வெச்சுடலாம். நானும் வரேன். டப்ளின் என்ன, அரைமணி தூரந்தானே? நீ எங்க இருக்கேன்னு பாத்துட்டுப் போனா எனக்கு நிம்மதி."

"மழை பெய்யறது. மரம் நனையும்."

"பெட்ஷீட் போட்டு மூடினா ஆச்சு."

"கார்ல இடம் இல்லம்மா."

"வாங்கின அன்னிக்கு வீடியோல காட்டினியே. பின்சீட்டை மடக்கினா கட்டிலே போகும்னு."

கௌசிக் ஜன்னல் பக்கம் திரும்பினான். அவன் காதுமடல்கள் சிவந்திருந்ததை மாளவிகா கவனித்தாள். இவ்வளவு பேச்சுக்கும் சிவக்காத காது.

"துணி மூட்டைதானே, முன்சீட்டுக்கு மாத்தினாப் போச்சு," என்றாள் மாளவிகா. வாசல் பக்கத்து ஆணியில் அவன் கார் சாவி தொங்கியது. எடுத்துக்கொண்டு செருப்பில் காலை நுழைத்தாள்.

"மாளவிகா, வேண்டாம்."

அந்தக் குரலை அவள் ஒன்பது வருஷத்தில் கேட்டதில்லை. ஆனாலும் அதற்குள் மழையில் இறங்கியிருந்தாள். அவன் பின்னாலேயே ஓடிவந்தான். அம்மா வாசற்படியில் வந்து நின்றாள்.

இரண்டு வீடு தள்ளி நின்றது கார். மாளவிகா பொத்தானை அழுத்தினாள். பின்கதவு தானாக, மெதுவாக எழுந்தது.

சீட்டுகள் ஏற்கெனவே மடக்கியிருந்தன. நீளவாட்டில் ஒரு ஃபோம் மெத்தை. தலைமாட்டில் தலையணை. கால்மாட்டில் நான்காக மடித்த கம்பளி. அவள் தூக்கிப் போடச் சொன்ன பழைய ரைஸ் குக்கர். பிளாஸ்டிக் டப்பாவில் பிரஷ், பேஸ்ட், ரேஸர். ஜன்னல் அளவுக்கு வெட்டிய கறுப்பு அட்டைகள். கொக்கியில் இரண்டு ஃபார்மல் சட்டை, ஒரு கோட். ஓரமாக அட்டைப்பெட்டியில் அவனுடைய ஆஃபீஸ் காபிக் கப், மேஜையில் வைத்திருந்த சின்னப் பிள்ளையார், அவர்கள் இருவரும் இருக்கிற ஃபோட்டோ. வேலை போய் மேஜையைக் காலிசெய்துவிட்டு வருகிறவன் கொண்டுவருகிற பெட்டி.

வீட்டில் ஒரு டவலைக்கூட அவன் ஒழுங்காக மடித்து அவள் பார்த்ததில்லை. இங்கே எல்லாம் ஓரம் பிசகாமல் மடித்திருந்தது.

"டப்ளின்?" என்றாள்.

அவன் தலையை அசைத்தான். இல்லை.

"ஏப்ரல்லயேவா?"

மழைத்தண்ணீர் அவன் முகத்தில் வழிந்தது. அவன் துடைத்துக்கொள்ளவில்லை.

"அம்மாகிட்ட சொல்லாதே," என்றான். "மாளு, ப்ளீஸ். செவ்வாய்க்கிழமை வரைக்கும்."

அவன் அவளை மாளு என்று கூப்பிட்டு மாதங்கள் ஆகியிருந்தன.

"என்ன, இடம் இருக்கா?" வாசற்படியிலிருந்து ராஜலக்ஷ்மி குரல் கொடுத்தாள். அங்கிருந்து அவளுக்குக் காரின் முகம் மட்டும்தான் தெரியும். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு படி இறங்கினாள்.

மாளவிகா சாவியைப் பார்த்தாள். காலையில் தந்த வாக்கு நினைவில் இருந்தது. தோளில் அந்தக் கை அழுத்திய இடம் இன்னும் தெரிந்தது.

பொத்தானை அழுத்தினாள். பின்கதவு இறங்கி மூடிக்கொண்டது.

"இடம் இல்லம்மா," என்றாள்.